மாதா பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி முடியும் மாதங்களில் என்னால் நிம்மதியாகக் கடைத்தெருவுக்குப் போக முடிவதில்லை. மளிகைக் கடையில் கேட்கிறார்கள். மாரியம்மன் கோயில் அன்னதானத்தில் இலை போட்டுவிட்டுக் கேட்கிறார்கள். இரவுச் சந்தையில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதும் கேட்கிறார்கள்: "அக்கா, அந்த மாதா பள்ளி எப்படி?" சொன்னதையே சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன்.

மலேசியாவின் தெற்குக் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகள் நான். 1989-இல் இந்தக் கான்வென்ட் இடைநிலைப்பள்ளியில் சேர்ந்து ஆறு ஆண்டுகள் படித்தேன். என் இளைய மகள் இப்போது அங்கேயே மூன்றாம் படிவத்தில், அதாவது இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள். பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையிலும் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. ஆனால் இதைப் பள்ளியின் சார்பில் எழுதவில்லை. அதனாலேயே பள்ளியின் பெயரையும் எழுதவில்லை. ஊரில் அதன் முழுப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. மாதா பள்ளி என்று என் பாட்டி வைத்த பெயரைச் சொன்னால் டாக்சிக்காரர் வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்.

இது கத்தோலிக்கப் பள்ளியா, அரசாங்கப் பள்ளியா?

இரண்டும்தான். நிலமும் பழைய கட்டடமும் மிஷனுடையவை. ஆசிரியர் சம்பளம், பாடத்திட்டம், தேர்வு, நாள்காட்டி எல்லாம் கல்வி அமைச்சுடையவை. அரசாங்க உதவி பெறும் பள்ளி என்பது இதுதான். தலைமையாசிரியர் கன்னியாஸ்திரியாக இருப்பார் என்று எதிர்பார்த்து வராதீர்கள். என் மகளின் தலைமையாசிரியர் ஒரு மலாய்க்காரர். மாதா சிலைக்கு வெள்ளையடிக்க வேண்டிய நாளை எங்களுக்கு முன்னால் நினைவுபடுத்துபவரும் அவர்தான்.

இந்த நாட்டில் மிஷன் பள்ளிகளின் கதை பினாங்கில் தொடங்குகிறது. 1852-இல் குழந்தை இயேசு சபைச் சகோதரிகள் லைட் ஸ்திரீட் கான்வென்ட்டைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் லசால் சகோதரர்கள் செயின்ட் சேவியர் பள்ளியை ஏற்றார்கள். பிறகு ரயில் போன ஊர்களுக்கும் ரப்பர் வளர்ந்த ஊர்களுக்கும் பள்ளிகள் பரவின. சுங்கைப்பட்டாணியில் இருக்கும் பாதர் பாரே கான்வென்ட்டின் பெயரில் உள்ள பாரே, அந்தச் சகோதரிகளின் சபையை 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தொடங்கிய குருவானவர். அந்தப் பெயரைத் தினமும் சட்டையில் சுமக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

நிலம் மிஷனுடையது என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லைட் ஸ்திரீட் கான்வென்ட்டில் 2018-இலிருந்து புதிய மாணவிகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். கட்டடம் சபைக்கே திரும்பியது. கோலாலம்பூரில் 1899-இல் தொடங்கிய புக்கிட் நானாஸ் கான்வென்ட்டின் நிலக் குத்தகை 2021-இல் முடிய இருந்தபோது வழக்கு வரைக்கும் போய்த்தான் நீட்டிப்புக் கிடைத்தது. நம் பள்ளி எப்போதும் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நூறு ஆண்டு நிற்கும் என்று நினைத்த தோட்டங்களும் நம் கண்முன்னேதான் வீட்டுமனைகளாயின.

என் மகளை மதம் மாற்றிவிடுவார்களா?

மாட்டார்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள், உரக்கவே கேட்கலாம். நான் இந்து. ஆறு ஆண்டுகள் படித்தும் இந்துவாகத்தான் வெளியே வந்தேன். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இதற்கு ஒரு தெளிவான பிரிவே இருக்கிறது. இஸ்லாம் அல்லாத சமயத்தைப் பள்ளியில் கற்பிக்க விரும்பினால் பள்ளி வாரியம் அரசாங்கப் பணத்தைத் தொடாமல் நடத்திக்கொள்ள வேண்டும். வேறு சமயப் பிள்ளையை அந்த வகுப்பில் உட்கார வைக்கப் பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். நடைமுறையில் எங்கள் பள்ளியில் அப்படி ஒரு வகுப்பே இல்லை. முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்ற எல்லோருக்கும் நன்னெறிக் கல்வி. கத்தோலிக்கப் பிள்ளைகளும் நன்னெறி வகுப்பில்தான் உட்காருகிறார்கள். மறைக்கல்விக்குப் பங்குக் கோயிலுக்குப் போகிறார்கள். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் பைபிள் அறிவு என்று ஒரு பாடம் உண்டு. எடுக்க விரும்பும் பிள்ளை பெரும்பாலும் கோயிலில் யாராவது சொல்லிக்கொடுக்கத் தானாகப் படித்துத்தான் எழுத வேண்டும்.

பள்ளி முழுதும் கூடும் சபைகூடலில் தேசிய கீதம் பாடுவார்கள், ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடுகளைச் சொல்வார்கள். அதன் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். இதில் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் சிக்கல் இருந்ததில்லை.

மாதா கெபியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்துக்கும் அறிவியல் கூடத்துக்கும் நடுவில் கல் அடுக்கிக் கட்டிய சிறு குகை; உள்ளே நீலப் போர்வை மாதா. எஸ்.பி.எம். தொடங்கும் காலையில் அந்தக் குகையைப் போய்ப் பாருங்கள். மெழுகுவர்த்தி ஏற்றுவது கத்தோலிக்கப் பெண்கள். மல்லிகைச் சரம் வைப்பது எங்கள் தோட்டத்துப் பெண்கள். ஒருமுறை யாரோ ஓர் எலுமிச்சம்பழத்தைக் குங்குமத்தோடு வைத்துவிட்டார்கள். பார்த்த சிஸ்டர் சிரித்துவிட்டு அதை எடுத்துப்போய்ச் சர்பத் போட்டுக் குடித்தார். யாரும் யாரையும் கும்பிடச் சொல்லவில்லை. கும்பிட்டவளை ஏன் என்றும் கேட்கவில்லை.

கத்தோலிக்கப் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பா?

ஆமாம். வெளி மாநில உறவினர்கள் கேட்டுவிட்டுச் சிரிக்கும் விஷயம் இது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வாரத்தின் முதல் பள்ளி நாள். ஆகவே உலகமெல்லாம் கோயில் மணி அடிக்கும் காலையில் எங்கள் கான்வென்ட்டில் சபைகூடல் மணி அடிக்கிறது. கத்தோலிக்கக் குடும்பங்கள் சனிக்கிழமை மாலைப் பூசைக்கோ ஞாயிறு மாலைப் பூசைக்கோ போய்விடுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. தீபகற்பத்தில் பெரிய வெள்ளிக்குப் பொது விடுமுறை கிடையாது. சிலாங்கூரில் இருப்பவர்கள் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கோ எல்லா வெள்ளியும் விடுமுறையாதலால் பெரிய வெள்ளியும் தானாகவே விடுமுறை. ஆனால் மூன்றாம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கணிதச் சோதனை வரும். என் வகுப்புத் தோழி ஒருத்தி சனி நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து, மறுநாள் காலை முதல் பாடவேளையில் மேசையில் தலை சாய்த்துத் தூங்கினாள். மலாய் ஆசிரியை அவளை எழுப்பவேண்டாம் என்று எங்களுக்குச் சைகை காட்டினார். அவர் வீட்டிலும் நோன்பு மாதத்தில் விடியுமுன் எழும் பிள்ளைகள் இருந்தார்கள்.

கான்வென்ட்டில் படித்தால் ஆங்கிலம் நன்றாக வருமல்லவா?

இந்த ஆசையோடுதான் பாதிப் பேர் வருகிறார்கள். ஐம்பது ஆண்டு பழைய ஆசை அது. ஒரு காலத்தில் இங்கே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. 1970-இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்மொழிக்கு மாறத் தொடங்கி, 1980-இல் ஐந்தாம் படிவம் வரை மாறி முடிந்தது. நான் சேரும்போதே ஆங்கிலம் ஒரு பாடம் மட்டுமே. பழைய மாணவிகள் சங்கத்துப் பாட்டிகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதைப் பார்த்து நம் பிள்ளையும் அப்படிப் பேசும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நல்ல ஆங்கில ஆசிரியை கிடைத்தால் நன்றாக வரும். எந்தப் பள்ளிக்கும் அதுதான் கதை.

நீங்கள் கவலைப்பட வேண்டியது மலாய்மொழியைப் பற்றி. அதில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. 2013 முதல் வரலாறும் அப்படித்தான்.

புகுமுக வகுப்பில் போட்டுவிட்டால் ஓராண்டு வீணாகிவிடாதா?

தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு மலாய்மொழி போதாது என்றால் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பு. நானும் அங்கே உட்கார்ந்தவள்தான். வீணாகாது. அவமானமும் இல்லை. வீட்டில் நீங்கள் தலையில் அடித்துக்கொண்டால்தான் பிள்ளை அதை அவமானமாக எடுத்துக்கொள்ளும்.

தமிழ் கற்றுக்கொடுப்பார்களா?

நீங்கள் கேட்டால்.

இந்த இரண்டு வார்த்தைப் பதிலுக்காகத்தான் மற்ற எல்லாக் கேள்விகளையும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். சட்டம் சொல்வது இது: தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் படிக்க வசதி செய்து தர வேண்டும். பள்ளியாகக் கூப்பிட்டு "உங்களுக்குத் தமிழ் வேண்டுமா?" என்று யாரும் கேட்கப்போவதில்லை. தமிழ் ஆசிரியர் பணியிடம் கேட்டு விண்ணப்பிக்கவும் அட்டவணையில் இடம் ஒதுக்கவும் தலைமையாசிரியருக்குக் கையில் ஒரு கடிதம் வேண்டும். நல்ல தலைமையாசிரியருக்கும் வேண்டும், கெட்டவருக்கும் வேண்டும்.

என் மூத்த மகள் முதலாம் படிவம் சேர்ந்தபோது (அது வேறு பள்ளி, வேறு ஊர்) எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வீடு வீடாக ஏறி 17 கையெழுத்து வாங்கினோம். ஒரு தந்தை இரவு ஒன்பது மணிக்கு ஆலையில் வேலை முடிந்து வந்து, கையில் எண்ணெய்க் கறையோடு ஒப்பமிட்டார். அந்தக் கட்டைவிரல் அடையாளம் தாளின் ஓரத்தில் பதிந்துவிட்டது. கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் "அப்படி ஒரு கடிதம் வரவே இல்லையே" என்றார்கள். கொடுத்ததற்கு அத்தாட்சி எங்களிடம் இல்லை. மறுபடியும் வீடு வீடாக ஏறினோம். அதற்குள் இரண்டு குடும்பங்கள் இடம் மாறிப் போய்விட்டன. 15 சரியாக நின்றது. இரண்டாவது தடவை நகலெடுத்து, நகலில் "பெற்றுக்கொண்டோம்" என்று முத்திரை குத்தி வாங்கிக்கொண்டுதான் முகப்பை விட்டு நகர்ந்தேன். எண்ணெய்க் கறைத் தந்தை இந்தத் தடவை கையைக் கழுவிவிட்டு வந்தார். வகுப்பு தொடங்க ஆகஸ்டு ஆகிவிட்டது.

ஆகவே: சேர்க்கை நாளிலேயே கையெழுத்து. நகல். நகலில் முத்திரையும் தேதியும்.

அடுத்த தொல்லை நேரம். பல இடங்களில் தமிழ் வகுப்புப் பள்ளி முடிந்த பிறகுதான் நடக்கிறது. அதற்குள் தோட்டத்து வேன் கிளம்பிவிடும். பிள்ளை வேனுக்கும் தமிழுக்கும் நடுவில் வேனைத் தேர்ந்தெடுக்கும். குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பள்ளியில் வேன்காரரிடம் பேசி வாரத்தில் இரண்டு நாள் நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்ப ஒப்புக்கொள்ள வைத்தோம். அந்த நாற்பது நிமிடத்துக்கு அவருக்கு ஒரு தே தாரிக்கும் இரண்டு வடையும் செலவு. எஸ்.பி.எம். தேர்வில் தமிழும் எழுதலாம், தமிழ் இலக்கியமும் எழுதலாம். "அதனால் என்ன பிரயோசனம்?" என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அவர்கள் கையெழுத்து இல்லாமலேயே 15 சேர்க்கப் பார்க்கிறேன்.

தோட்டத்திலிருந்து எப்படி வருவது?

இப்போது தனியார் வேன்கள்தான். விடியுமுன் ஐந்தே முக்காலுக்கு முதல் நிறுத்தம். நான் படித்தபோது தோட்ட லாரி. காலையில் எங்களை ஏற்றிய அதே லாரி முந்தின நாள் ஒட்டுப்பால், அதாவது உறைந்துபோன ரப்பர்ப் பால், ஏற்றியிருக்கும். ஒட்டுப்பால் நாற்றம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். தெரியாதவர்களுக்கு விளக்கவும் முடியாது. வெள்ளைச் சட்டையில் அது ஏறிக்கொள்ளும். ரப்பர்ப் பால் ஒரு சொட்டுப் பட்டால் காய்ந்து கறுத்துவிடும், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. டவுன் பெண்கள் இரண்டு பேர் முதல் வாரத்திலேயே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

லாரி ஆறே காலுக்கே எங்களை இறக்கிவிட்டுப் போய்விடும். வாசல் பூட்டியிருக்கும். அப்போது ஒரு சிஸ்டர் இருந்தார், வயதானவர். மூன்றாம் நாள் கைவிளக்கோடு வந்து கதவைத் திறந்தார். எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து நூலகச் சாவியை என் கையில் கொடுத்து, "விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள்" என்றார். சன்னலைத் திறந்தது நாற்றத்துக்காகத்தான் என்று பல ஆண்டு கழித்துத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் நாற்றம் போகட்டும் என்று அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. நாங்கள் ஒன்பது பேர் அந்த நூலகத்தில் படித்துத்தான் புகுமுக வகுப்பைக் கடந்தோம்.

அவர் தங்கியிருந்த அறை இப்போது ஆலோசனை ஆசிரியரின் அறை. அவர் நட்ட கொய்யா மரம் இன்னும் காய்க்கிறது. பிள்ளைகள் பழுக்க விடுவதில்லை.

செலவு எவ்வளவு ஆகும்?

பாடநூல்கள் இரவலாகக் கிடைக்கும். ஆண்டு முடிவில் கிழியாமல் திருப்பித் தர வேண்டும். பள்ளி தொடக்க உதவியாக அரசாங்கம் 150 ரிங்கிட் தருகிறது. சீருடை, சப்பாத்து, வேன் கட்டணம், சங்கச் சந்தா உங்கள் பொறுப்பு. இவற்றில் பெரிய செலவு வேன்தான். முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடமோ எங்களிடமோ சொல்லுங்கள். பிள்ளை வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள், அது வெட்கப்பட்டுச் சொல்லாமலே இருந்துவிடும். பங்குக் கோயிலின் ஏழைகள் உதவிக் குழு இந்துப் பிள்ளைகளுக்கும் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருக்கிறது.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குத் தனிச் சலுகை உண்டா?

இல்லை. பங்குப் பாதரிடம் கடிதம் வாங்கி வந்தால் நல்ல வகுப்பில் போடுவார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். பாதர் பாவம்.

கட்டொழுங்கு கடுமையா?

பிள்ளைகளைக் கேட்டால் சிறை என்பார்கள். நகம், முடி, பாவாடை நீளம் பார்ப்பார்கள். கைத்தொலைபேசி கொண்டுவந்தால் பறிமுதல். பெற்றோர் வந்துதான் வாங்க வேண்டும். மாணவிகளைப் பிரம்பால் அடிக்க விதியில் இடமே இல்லை. "நாலு அடி போட்டால்தான் திருந்தும், டீச்சர்" என்று பரிந்துரைக்கும் தாய்மார்கள் தங்கள் கையை வீட்டிலும் கட்டிப்போடுவது நல்லது.

சீன, மலாய்ப் பிள்ளைகளோடு பழகுவார்களா?

பழகுவார்கள், ஆனால் தானாக நடக்காது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பெண்கள் முதல் ஆண்டு இடைவேளையில் ஒரே மேசையில் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். சீனப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் அடுத்த மேசையில். இதை உடைப்பது பாடம் அல்ல, புறப்பாட நடவடிக்கை. முதலுதவி அணியில் ஒருத்தியின் கையில் இன்னொருத்தி கட்டுப் போட்டுப் பழகும்போது அவள் எந்தப் பள்ளியிலிருந்து வந்தாள் என்பது மறந்துவிடும். விளையாட்டுப் போட்டி நாளில் இல்லங்களின் சண்டை இனச் சண்டையை மறக்கடித்துவிடும்; மஞ்சள் இல்லத்துக்காரிக்கு நீல இல்லத்துத் தமிழச்சியும் எதிரிதான்.

உணவு விழாவுக்குக் கட்டாயம் வாருங்கள். கூப்பன் வாங்கிச் சாப்பிடும் நாள். அதில் ஒரு விதி எழுதப்படாமலேயே நடக்கிறது: பன்றி இல்லை, மாடு இல்லை. எனவே எல்லோரும் கோழியைப் பிடித்துக்கொள்கிறார்கள். சென்ற தடவை கோழி சாத்தே, கோழிக் கஞ்சி, கோழிப் பிரட்டல், கோழி மீகூன். முறுக்குக் கடைதான் முதலில் தீர்ந்தது.

ஜூலை 26-ஐ ஒட்டிப் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா வரும். எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. கத்தோலிக்கத் தோழிகளோடு மற்றவர்களும் வேன் பிடித்துப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவது நான் படித்த காலத்திலிருந்தே வழக்கம். இது பள்ளி நிகழ்ச்சி அல்ல. போவதும் போகாததும் உங்கள் வீட்டு விருப்பம்.

ஆண் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா?

மாட்டார்கள். ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

பிறப்புப் பத்திர நகல், மைகார்டு (அடையாள அட்டை) நகல், தமிழ்ப்பள்ளி கொடுத்த கோப்பு. சப்பாத்து கறுப்பு, வெள்ளைச் சப்பாத்துக்குப் பூச்சு பூசிய காலம் போய்விட்டது. பெயர்ப் பட்டையை நிரந்தரமாகத் தைத்துவிடாதீர்கள், கழற்றும்படி இருக்கட்டும். பிள்ளையை வகுப்பு வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டாம். மண்டப வாசலோடு நின்றுவிடுங்கள்.

வெளியே வரும்போது கொய்யா மரத்தடியில் ஒரு மடக்கு மேசை போட்டிருக்கும். தமிழ் வகுப்புக் கடிதத்தோடு நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். பேனா என்னிடம் இருக்கிறது. இந்த ஆண்டு இதுவரை 11 கையெழுத்து.